கோவையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்: வான்தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

பழனி எவ்வளவு தூரம் என்று பொள்ளாச்சியில் யாரைக் கேட்டாலும் 'ஒன்றரை மணி நேரமுங்க' என்றுதான் பதில் வரும். கிலோமீட்டரில் சொல்பவர் அரிது. சாலைப் பயணத்துக்கு இந்த வழக்கம் போதும்; வழியும் வண்டியின் வேகமும் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் ஒன்றுபோலத் தெரிந்தவை. வான்பயணத்துக்கும் இதையே கடைப்பிடிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பதினொரு மணி நேரம் என்று ஒருவர் சொல்வார். அது விமானங்களுக்குள் கழித்த நேரம். பதினான்கு மணி நேரம் என்று இன்னொருவர் சொல்வார். அது இடையில் வேறொரு விமான நிலையத்தில் காத்திருந்ததையும் சேர்த்த கணக்கு. ஒரு நாள் முழுக்க ஆகிவிடும் என்பார் மூன்றாமவர். அவர் கரூரில் வீட்டைப் பூட்டிய நேரத்திலிருந்து விடுதி அறையின் சாவியை வாங்கிய நேரம் வரை எண்ணுகிறார். மூன்றும் சரியான கணக்குகளே. எந்தக் கேள்விக்கு எந்தக் கணக்கு என்று பிரித்துக்கொள்ளாமல் பயணத்தைத் திட்டமிடுவதுதான் தவறு.

திருப்பூர்ப் பின்னலாடை வணிகர்களும், ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குச் செல்லும் கரூர் வீட்டுத்துணி ஏற்றுமதியாளர்களும், ஜெர்மனியில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோரும் மிகுந்திருக்கும் நம் பகுதிக்கு ஃபிராங்க்ஃபர்ட் பொருத்தமான எடுத்துக்காட்டு என்பதால், கோவை விமான நிலையத்திலிருந்து அந்நகருக்கான கணக்கை முழுவதும் போட்டுக் காட்டுகிறேன். ஊரை மாற்றினால் எண்கள்தான் மாறும், முறை மாறாது.

தொலைவைக் கண்டறிதல்

இரண்டு நகரங்களுக்கு இடையிலான வான்தொலைவு என்பது பூமியின் வளைந்த பரப்பின் மீது அவற்றை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதியாக அந்தக் கோடு அமைவதால் அதைப் பெருவட்டத் தொலைவு என்பார்கள். வீட்டில் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால், ஒரு நூலின் முனையைக் கோவையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையை ஃபிராங்க்ஃபர்ட்டில் வைத்து, நூல் தொய்வின்றி நிற்கும்வரை இழுத்துப் பாருங்கள். நூல் படியும் பாதைதான் பெருவட்டம். சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான வரைபடத்தில் அளவுகோலை வைத்து அளப்பதை மட்டும் தவிர்க்க வேண்டும். அந்த வரைபடங்கள் வடக்கே செல்லச் செல்ல நிலத்தை அகலமாக இழுத்துக் காட்டுபவை. கோவையிலிருந்து நியூயார்க்குக்கு அப்படிக் கோடு போட்டால் அது அரபு நாடுகள், வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் என்று ஏறத்தாழ மேற்கு நோக்கியே ஓடும். உண்மையான பெருவட்டமோ கோவையிலிருந்து வடக்கிலிருந்து 26 பாகை மட்டும் மேற்கே சாய்ந்து கிளம்பி, 65 பாகை வட அட்சரேகைக்கு அருகில், அதாவது ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே வரை ஏறி, பிறகு இறங்கி நியூயார்க்கை அடைகிறது. நீளம் சுமார் 13,530 கி.மீ.

முதலில் எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பழகலாம். கோவை விமான நிலையம் 11.03 பாகை வட அட்சரேகையிலும் 77.04 பாகை கிழக்குத் தீர்க்கரேகையிலும் உள்ளது. தில்லி விமான நிலையம் 28.57 பாகை வடக்கிலும் 77.10 பாகை கிழக்கிலும் உள்ளது. இரண்டு தீர்க்கரேகைகளும் அநேகமாக ஒன்றே. தில்லி நமக்கு நேர் வடக்கே இருக்கிறது என்பதைப் பலரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆகவே இங்கே பெரிய சூத்திரம் எதுவும் தேவையில்லை. அட்சரேகைகளின் வேறுபாடான 17.54 பாகையை, ஒரு பாகைக்குரிய 111.2 கி.மீ.ஆல் பெருக்கினால் 1,950 கி.மீ. கிடைக்கிறது. இந்த 111.2 என்பது 6,371 கி.மீ. சராசரி ஆரம் கொண்ட பூமியின் சுற்றளவை 360ஆல் வகுத்து வந்த எண். பூமி முழு உருண்டை அன்று. நடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ. என்றால் துருவ ஆரம் 6,357 கி.மீ.தான். அதனால் இந்த முறையில் நூற்றுக்கு அரைப் பங்கு வரை கூடக்குறைய வரும். பயணம் திட்டமிடுபவருக்கு அது பொருட்டே அன்று.

ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம் 50.03 பாகை வடக்கிலும் 8.57 பாகை கிழக்கிலும் இருக்கிறது. இங்கே தீர்க்கரேகைகளும் வெகுவாக வேறுபடுவதால், பத்தாம் வகுப்பில் படித்த சைனையும் கோசைனையும் துணைக்கு அழைக்க வேண்டும். இரண்டு ஊர்களின் அட்சரேகைகளுக்குரிய சைன் மதிப்புகளைப் பெருக்கி ஓரிடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: 0.1913 பெருக்கல் 0.7664, விடை 0.1466. அடுத்து அதே அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளைப் பெருக்கி, அதைத் தீர்க்கரேகைகளின் வேறுபாடான 68.47 பாகையின் கோசைனாலும் பெருக்குங்கள்: 0.9815 பெருக்கல் 0.6424 பெருக்கல் 0.3670, விடை 0.2314. இரண்டு விடைகளையும் கூட்டினால் 0.3780. எந்தக் கோணத்தின் கோசைன் இந்த எண்ணோ அந்தக் கோணம்தான் பூமியின் மையத்தில் இரு ஊர்களும் தாங்கும் கோணம். கைபேசிக் கணிப்பானில் நேர்மாறு கோசைன் பொத்தானை அழுத்தினால் 67.8 பாகை என்று வரும். அதை 111.2ஆல் பெருக்கினால் 7,540 கி.மீ.; இதுவே கோவைக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இடையிலான வான்தொலைவு.

இதில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் இரண்டு. கணிப்பான் பாகையில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எக்செல் எப்போதும் ரேடியனையே எதிர்பார்ப்பதால், பாகையை மாற்றிக் கொடுக்காவிட்டால் அபத்தமான எண் வரும். மற்றொன்று, மேற்குத் தீர்க்கரேகையைக் கழித்தல் குறியோடு எழுத வேண்டும். நியூயார்க் 73.78 பாகை மேற்கு என்பதால் வேறுபாடு 77.04உம் 73.78உம் கூடிய 150.82 பாகை; இரண்டையும் கழித்து மூன்றேகால் பாகை என்று எழுதிவிட்டால் அமெரிக்கா தில்லிக்குச் சற்று அப்பால் வந்து நின்றுவிடும்.

கணக்கில் விருப்பமில்லாதவர்கள் கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, புறப்படும் இடத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, தொலைவை அளக்கும் வசதியைத் தேர்ந்து, சேரும் இடத்தைத் தொட்டால் போதும். பெருவட்டத் தொலைவே காட்டப்படும். ஆனாலும் ஒரு முறையாவது கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. இணையத்தில் 'இரு நகரங்களுக்கு இடையே தூரம்' என்று தேடினால் வரும் பக்கங்கள் பல, நகர மையத்துக்கு நகர மையம் அளப்பவை. சில சாலைத் தொலைவையும் வான்தொலைவையும் கலந்துவிடுபவை. நம்மிடம் ஒரு கணக்கு இருந்தால் அவற்றைச் சரிபார்க்கலாம்.

அலகுகளைப் பற்றி ஒரு சொல். விமானத்துறை கடல் மைலில் பேசுகிறது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமான நிறுவனங்களின் சலுகைப் புள்ளிக் கணக்கில் வரும் மைல் பெரும்பாலும் சாதாரண மைல், அதாவது 1.609 கி.மீ. ஆகவே நம் 7,540 கி.மீ. ஓரிடத்தில் 4,070 என்றும் மற்றோரிடத்தில் 4,690 என்றும் எழுதப்பட்டிருந்தால் இரண்டில் ஒன்று பிழை என்று கொள்ள வேண்டியதில்லை.

எந்த ஊர் வழியாகச் செல்வது

கோவையிலிருந்து ஐரோப்பாவுக்கு நேரடி விமானம் கிடையாது. 3 கி.மீ.க்குச் சற்றே குறைந்த ஓடுபாதையும், நிலம் எடுப்பில் ஆண்டுக்கணக்கில் இழுத்த விரிவாக்கமும் இருக்கும் நிலையில், ஷார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் ஆகிய நகரங்களோடு நம் பன்னாட்டுப் பறத்தல் நின்றுவிடுகிறது. எனவே எங்கேனும் ஓரிடத்தில் விமானம் மாறியே ஆக வேண்டும். எங்கே மாறுவது என்பதைக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்பவர்களே அதிகம். நான் முதலில் பார்ப்பது வளைவை: இரண்டு கட்டங்களின் தொலைவையும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டி, அது நேர்தொலைவான 7,540 கி.மீ.ஐ விட எவ்வளவு மிகுகிறது என்று பார்க்க வேண்டும்.

அபுதாபி வழியாகச் சென்றால் கோவையிலிருந்து அபுதாபி 2,790 கி.மீ., அங்கிருந்து ஃபிராங்க்ஃபர்ட் 4,860 கி.மீ., ஆக 7,650 கி.மீ. நேர்தொலைவைவிட நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் கூடுதல். வளைகுடா நகரங்கள் நமக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பெருவட்டத்துக்கு அவ்வளவு அருகில் இருக்கின்றன. அந்நாட்டு நிறுவனங்கள் இந்தியப் பயணிகளை நம்பி இவ்வளவு வளர்ந்ததற்கு நிலவியலும் ஒரு காரணம். பெங்களூரு வழியாகச் சென்றாலும் கிட்டத்தட்ட அதே கூட்டுத்தொகைதான்: 250 கி.மீ.யும் 7,400 கி.மீ.யும். சென்னைக்குக் கிழக்கே 400 கி.மீ. சென்று அங்கிருந்து 7,590 கி.மீ. பறந்தால் கிட்டத்தட்ட 8,000. தில்லி வழியாக 1,950உம் 6,120உம் சேர்ந்து 8,070. இவையெல்லாம் ஏற்கத்தக்க வளைவுகளே. நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் எதுவும் மிகவில்லை.

இப்போது சிங்கப்பூரைப் பாருங்கள். கோவையிலிருந்து 3,160 கி.மீ. தென்கிழக்கே சென்று, அங்கிருந்து 10,280 கி.மீ. திரும்பிப் பறக்க வேண்டும். மொத்தம் 13,440 கி.மீ. நேர்தொலைவைவிட நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு மிகுதி. அந்தத் தொலைவுக்கு நியூயார்க்கையே எட்டிவிடலாம். ஆனாலும் சலுகைக் காலங்களில் இந்த வழிக்கான டிக்கெட் மற்றவற்றைவிட மலிவாக வந்து நிற்பதுண்டு. சேமிக்கும் தொகைக்கு ஈடாக ஏழெட்டு மணி நேரத்தையும் இரண்டு இரவுகளின் தூக்கத்தையும் கொடுக்கிறோம் என்று தெரிந்தே வாங்குவதானால் வாங்கலாம். வயதான பெற்றோரை அந்த வழியில் அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வளைவு குறைவாக இருப்பதாலேயே ஒரு வழி விரைவானதாகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கோவையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கான பெருவட்டம் உடுப்பிப் பக்கம் கடலுக்குள் இறங்கி, சௌராஷ்டிரத்துக்கு மேற்கே அரபிக்கடலைக் கடந்து, மக்ரான் கரையில் பாகிஸ்தானைத் தொட்டு, ஈரானை நெடுக்காக வெட்டி, காகசஸ் பகுதியையும் கருங்கடலையும் கிரீமியாவையும் தாண்டி உக்ரைன் வழியே செல்கிறது. உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரியில் தொடங்கிய போரிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருக்கிறது. பாகிஸ்தான் 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. இந்திய நிறுவனத்தின் விமானத்தில் தில்லியிலிருந்து ஐரோப்பா செல்பவர்கள் முதலில் தெற்கே அரபிக்கடலுக்கு வந்து சுற்றிச் செல்ல நேர்ந்தது இதனால்தான். வளைகுடாவிலோ ஈரானிலோ பதற்றம் மூளும் நாள்களில் பாதைகள் ஒரே இரவில் மாறுகின்றன. ஆகவே காகிதத்தில் போட்ட தொலைவு ஒரு கீழ்வரம்பு என்றே கொள்ள வேண்டும்; விமானம் உண்மையில் பறப்பது அதைவிட நூற்றுக்கு மூன்று பங்கு முதல் பத்துப் பங்கு வரை கூடுதலாக இருக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

விமானத்துக்குள் கழியும் நேரம்

ஏர்பஸ் ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானம் உயரத்தில் மணிக்கு 830 கி.மீ. அளவிலும், போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 900 கி.மீ. அளவிலும் செல்கின்றன. எல்லாக் கட்டங்களுக்கும் பொதுவாக 850 என்று வைத்துக்கொண்டு தொலைவை வகுத்து, அதோடு நாற்பது நிமிடங்களைச் சேர்த்துக்கொள்வது கைக்கு அடக்கமான முறை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து பின்னே நகர்வது, ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது, மறுபடி ஊர்ந்து நிற்பது ஆகிய அனைத்துக்குமாக அந்த நாற்பது நிமிடம்.

சென்னைக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 400ஐ 850ஆல் வகுத்தால் 28 நிமிடம். நாற்பதைச் சேர்த்தால் ஒரு மணி எட்டு நிமிடம். கால அட்டவணையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்கும். பறப்பதைவிட மற்றவற்றுக்கே அதிக நேரம் போகிறது என்பதால்தான், ரயில் பாதையில் 500 கி.மீ. இருக்கும் சென்னைக்கு இன்றும் ரயிலையே நாடுபவர்கள் கோவையில் குறையவில்லை. தில்லிக்கு இரண்டு மணி பதினெட்டு நிமிடத்தோடு நாற்பதைச் சேர்த்தால் மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் குறைவு. ஷார்ஜாவுக்கான 2,770 கி.மீ.க்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இவையும் அட்டவணையோடு ஒத்துப்போகின்றன.

நெடுந்தொலைவில் இந்த முறை சற்றுப் பிசகும். அதற்குக் காரணம் காற்று. வட அரைக்கோளத்தின் நடு அட்சரேகைகளில், ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் வலுவான காற்றோட்டம் ஒன்று உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்று சொல்வது இதைத்தான். குளிர்காலத்தில் இது மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். ஐரோப்பாவுக்குச் செல்லும் விமானம் இதை எதிர்த்துச் செல்கிறது. திரும்பி வரும் விமானத்தை இது பின்னிருந்து தள்ளுகிறது. எனவே மேற்கு நோக்கிய நீண்ட கட்டத்துக்கு நம் கணக்கில் வந்ததோடு அரை மணி முதல் முக்கால் மணி வரை சேர்க்க வேண்டும். அபுதாபியிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கான 4,860 கி.மீ.க்கு ஆறு மணி இருபத்து மூன்று நிமிடம் என்று கணக்கு வந்தால் ஏழு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து அபுதாபிக்கான நான்கு மணியையும் சேர்த்தால் விமானத்துக்குள் கழிவது பதினொரு மணி நேரம். ஜனவரிக் கண்காட்சிக்குச் செல்பவர்கள் இந்தக் காற்று வலுத்திருக்கும் பருவத்தில்தான் பறக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அட்டவணை நேரத்தில் நிறுவனங்கள் சிறிது தாராளமாகவே நிமிடங்களைப் போட்டு வைக்கின்றன. தாமதமாகப் புறப்பட்டும் 'சரியான நேரத்தில்' இறங்குவது அப்படித்தான். உண்மை நிலவரம் வேண்டுமென்றால் ஃபிளைட்ரேடார்24 போன்ற செயலியில் விமான எண்ணைத் தந்து, கடந்த ஒரு வாரத்தில் அது எப்போது கிளம்பி எப்போது இறங்கியது என்று பார்க்கலாம். இணைப்பு விமானத்துக்கான இடைவெளி குறுகலாக இருக்கும் டிக்கெட்டை வாங்குமுன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிக்கும் முறை

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்தால் வரும் விடைக்குப் பொருளில்லை. இரண்டையும் நம் நேரத்துக்கு மாற்றிக்கொண்டு கழிப்பதே நேர்வழி. இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. அமீரகம் நான்கு மணி முன்னே. ஆகவே நம்மைவிட ஒன்றரை மணி பின்னே. சிங்கப்பூர் எட்டு மணி முன்னே. நம்மைவிட இரண்டரை மணி முன்னே. ஜெர்மனி மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை கடிகாரத்தை மாற்றுகிறது. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட மூன்றரை மணி பின்னே. மற்ற மாதங்களில் நாலரை மணி பின்னே. அமெரிக்கா மாற்றும் நாள்கள் வேறு: மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்.

கணக்குக்காக ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 10 இரவு 8 மணிக்குக் கோவையில் புறப்பாடு. ஜனவரி 11 காலை 7.30 மணிக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் வருகை. நேராகக் கழித்தால் பதினொன்றரை மணி நேரம் என்று தோன்றும். ஜெர்மனியின் காலை 7.30க்கு நாலரை மணியைக் கூட்டினால் நம் ஊரில் நண்பகல் 12 மணி. இரவு எட்டிலிருந்து நண்பகல் பன்னிரண்டு வரை பதினாறு மணி நேரம். இதுவே டிக்கெட்டின் உண்மையான நீளம். இதே நேரங்கள் ஜூலை மாதத்து டிக்கெட்டில் இருந்தால் மூன்றரை மணியைத்தான் கூட்ட வேண்டும். பயணம் பதினைந்து மணி நேரம் ஆகிவிடும். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் +1 என்று போட்டிருப்பார்கள். மறுநாள் என்பது அதன் பொருள். விடுதி அறையைத் தவறான இரவுக்குப் பதிவு செய்வது இந்தச் சிறிய எழுத்தைக் கவனிக்காததால்தான்.

இந்தப் பதினாறு மணி நேரத்தில் பதினொன்று பறப்பது என்றால் மீதி ஐந்து மணி நேரம் மாறும் இடத்தில் காத்திருப்பது. எவ்வளவு இடைவெளி போதும் என்பது ஊரையும் டிக்கெட்டின் வகையையும் பொறுத்தது. இரண்டு கட்டங்களும் ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், முதல் விமானம் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. பெட்டியும் கடைசி ஊர் வரை தானாகப் போகும். மலிவாக இருக்கிறதென்று இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள் எடுத்தால் பொறுப்பு முழுவதும் நம்முடையது. அபுதாபியில் இறங்கி, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டுமானால் அந்நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும்; அதற்கு விசா தேவை. ஒரே டிக்கெட்டுக்கு இரண்டரை முதல் நான்கு மணி நேர இடைவெளி வசதியானது. தனி டிக்கெட்டுகளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக வைப்பது துணிச்சல்.

இமிக்ரேஷன் எங்கே நடக்கும் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். கோவையிலிருந்து அபுதாபி சென்றால் இந்திய இமிக்ரேஷன் கோவையிலேயே முடிந்துவிடுகிறது, வரிசை சிறியது. தில்லி, சென்னை, பெங்களூரு, மும்பை வழியாக என்றால் அங்கேதான். மும்பையில் உள்நாட்டு விமானம் முதல் முனையத்தில் இறக்கினால் பன்னாட்டு விமானத்துக்கு இரண்டாம் முனையத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டும்; தில்லியிலும் முதல் முனையத்திலிருந்து மூன்றாம் முனையத்துக்கு அப்படியே. டிக்கெட்டில் ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பதை நம்பாமல் முனைய எண்ணைப் பார்க்க வேண்டும். பாரிஸ் போன்ற வேறொரு ஷெங்கன் நாட்டு (ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்றின்) நகரில் மாறி ஜெர்மனி செல்பவர்களுக்கு ஐரோப்பிய நுழைவுச் சோதனை அந்த முதல் நகரிலேயே நடக்கும்; அந்த வரிசைக்கும் இடைவெளி விட வேண்டும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில் பெட்டியையும் எடுத்துச் சுங்கத்தைக் கடந்து மறுபடி ஒப்படைக்க வேண்டும்.

வீட்டுக் கதவிலிருந்து விடுதிக் கதவு வரை

பயணிக்கு உண்மையில் தேவைப்படும் எண் இதுதான். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவது எளிது. கண்காட்சி அரங்கில் காலை ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும் என்றால், அன்று காலையே இறங்கும் விமானத்தை நம்பக்கூடாது. முந்தைய நாளே இறங்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானத்தை விட்டு வெளியேறி, நுழைவுச் சோதனை முடிந்து, பெட்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். முனையத்துக்கு அடியிலேயே உள்ளூர் ரயில் நிலையம் இருக்கிறது. நகரின் மைய ரயில் நிலையத்துக்குப் பயணம் கால் மணி நேரத்துக்குள்தான். கண்காட்சி நாள்களில் விடுதி அறைகளின் வாடகை கண்டபடி ஏறிவிடுவதால் பலர் நகருக்கு வெளியே தங்குகிறார்கள். அவர்கள் இன்னும் ஒரு மணி நேரத்தைச் சேர்க்க வேண்டும்.

இந்தப் பக்கம், பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகக் கோவை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். செக்-இன் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடப்படும். திருப்பூரிலிருந்து அவிநாசி, கருமத்தம்பட்டி, நீலாம்பூர் வழியாக 45 கி.மீ. என்பதால் ஒன்றேகால் மணி நேரம் போதும். ஈரோட்டிலிருந்து இரண்டு மணி. கரூரிலிருந்து காங்கயம், பல்லடம் வழியாக 130 கி.மீ.; பல்லடத்தில் மாலை நெரிசலில் மாட்டினால் மூன்று மணி நேரமும் ஆகிவிடும். உக்கடம், காந்திபுரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு, 2025 அக்டோபரில் திறந்த, உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரையிலான 10 கி.மீ. ஜி.டி. நாயுடு மேம்பாலம் பெரிய விடுதலை.

அபுதாபி வழி டிக்கெட்டை மூன்று மணி நேர இடைவெளியோடு கரூரிலிருந்து கணக்கிட்டால், சாலையில் மூன்று, விமான நிலையத்தில் மூன்று, பறப்பதும் காத்திருப்பதும் பதினான்கு, ஃபிராங்க்ஃபர்ட்டில் வெளிவந்து விடுதி சேர இரண்டு, ஆக இருபத்திரண்டு மணி நேரம். இதே கணக்கைப் பெங்களூருக்குக் காரில் சென்று நேரடி விமானம் பிடிக்கும் வழிக்கும் போட்டு ஒப்பிடலாம். சேலத்துக்காரர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் வெல்லும். கோவைக்கு வருவதற்கே 155 கி.மீ. வர வேண்டிய அவர்களுக்கு, பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்குப் போவது இன்னும் ஒன்றரை இரண்டு மணி நேரம் கூடுதல், ஆனால் மாறும் விமானம் மிச்சம். ஓசூர் கடந்த பிறகு பெங்களூரு நகரத்தை வடக்கு முனை வரை ஊடுருவ வேண்டும் என்பதை மட்டும் குறைத்து மதிப்பிடக்கூடாது. கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு வளைகுடாப் பயணமென்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி நான்கு மணி நேரத்துக்குள் எட்டிவிடும். அங்கிருந்து வளைகுடா விமானங்கள் மிகுதி.

திரும்பும் பயணத்துக்குக் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். போன நேரத்தையே வந்த நேரமாகக் கொள்ளக்கூடாது. காற்று பின்னிருந்து தள்ளுவதால் பறக்கும் நேரம் அரை மணி முதல் ஒரு மணி வரை குறையும். ஆனால் கடிகாரம் நாலரை மணி முன்னே ஓடுவதால் பயணம் நீண்டதுபோல் தோன்றும். ஜெர்மனியில் பிற்பகலில் கிளம்புபவர் கோவையில் மறுநாள் விடியற்காலையில் இறங்குவது வழக்கம். நள்ளிரவைத் தாண்டி ஒன்றிரண்டு மணிக்கு இறங்கும் விமானமானால், அழைத்துப்போக வரும் ஓட்டுநருக்குக் கிழமையை மட்டும் சொல்லக்கூடாது. 'சனிக்கிழமை ராத்திரி' என்பது வெள்ளி முடிந்த பின்னிரவா, சனி முடிந்த பின்னிரவா என்பதில் சொல்பவரும் கேட்பவரும் வேறுபடுவது எளிது. இந்திய நேரம், தேதி, விமான எண் மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டால், விமானம் அபுதாபியில் தாமதித்தாலும் ஓட்டுநரே கைபேசியில் பார்த்து அதற்கேற்பத் திருப்பூரிலிருந்து கிளம்பிக்கொள்வார்.